என் பெயரில் ஒரு முன்பதிவு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாண்டரிக் கவுன்டரில் ஒரு கோட்டுக்கு டேக் குத்திக்கொண்டிருந்தபோது என் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எங்கள் பகுதி கிளினிக்கிலிருந்து குறுஞ்செய்தி.

"தங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது. வியாழன், 11.30. அறை 3. பத்து நிமிடம் முன்னதாக வரவும்."

நான் எதையும் முன்பதிவு செய்யவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கடைசியாக அந்த கிளினிக் படியேறியது இரண்டு வருடத்துக்கு முன்னால், இஸ்திரிப் பெட்டியில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டபோது.

"என்ன தங்கச்சி, மூஞ்சி மாறுது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. நீராவி இஸ்திரி இயந்திரத்தோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறவர். அதனால் கடையில் எல்லோருக்கும் அவர் ஆவியண்ணன்.

"கிளினிக்ல இருந்து மெசேஜ் அண்ணே. நான் கேக்காத அப்பாயின்ட்மென்ட்."

"கொடுத்து வச்சவ. நான் போன மாசம் முதுகுவலிக்குப் போன் பண்ணி, லைன் கிடைக்கறதுக்குள்ள வலியே போயிடுச்சு. உன்னைத் தேடி வருதா?"

"தப்பா வந்திருக்கும்."

"தப்பா வர்றதுக்கு அது என்ன தண்ணி லாரியா? உன் பேரு இருக்கா?"

இருந்தது. முழுப் பெயரும், பிறந்த தேதியின் கடைசி இரண்டு எண்களும்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சவங்கதான் யாரோ போட்டிருக்காங்க" என்றார் ஆவியண்ணன். ஒரு கால்சட்டையின் மடிப்பை இழுத்துப் பிடித்து மிதியை மிதித்தார். புஸ்ஸென்று கிளம்பிய ஆவியில் அவர் முகம் காணாமல் போனது.

எனக்குத் தெரிந்தவர், என் பிறந்த தேதி தெரிந்தவர், உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துணி இயந்திரத்துக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பேனா, சாவி, பல்குச்சி, ரசீது, கிடைப்பதையெல்லாம் ஒரு தட்டில் போட்டு, டேக் நம்பர் எழுதி வைக்க வேண்டும். ஒன்பது வருடமாக அந்நியர்களின் பைகளில் கைவிட்டவளுக்கு ஒரு திமிர் வந்துவிடும். சட்டைப் பையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர். பல சமயம் சரியாகவும் சொல்லியிருக்கிறேன். புதுக் கண்ணாடி வாங்கியதை வீட்டில் மறைத்தவர், வேலை போனபின்னும் தினமும் டை கட்டிக் கிளம்பியவர், இரண்டு திரையரங்குச் சீட்டுகளோடு வந்த கல்யாணமான மாப்பிள்ளை. எல்லோரையும் என் தட்டு காட்டிக்கொடுத்திருக்கிறது.

கடந்த ஒரு மாதமாக அந்தத் தட்டில், எங்கள் கடைக்கே சலவைக்கு வரும் என் கணவரின் சீருடைப் பையிலிருந்து விழுந்தவை இவை: கண்ணில் நீர் வரவழைக்கும் காட்டமான புதினா மிட்டாய், வாரத்துக்கு நான்கு உறைகள். முகம் துடைக்கும் வாசனைக் காகிதம், எலுமிச்சை மணம். ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் கிளினிக்கின் தொலைபேசி எண், அதன் கீழே "11" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு.

அவர் பேருந்து ஓட்டுகிறவர். பதினேழு வருடமாக ஓட்டுகிறார். வாய் நாற்றத்தையும் முக வியர்வையையும் பற்றி பதினாறு வருடம் அவர் கவலைப்பட்டதில்லை. வேறு யாருடைய சட்டையாக இருந்தாலும் ஆவியண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த ஆளுக்கு எங்கேயோ ஒருத்தி இருக்கா" என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

அன்று இரவு சாப்பிடும்போது போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னன்னு பாருங்க."

பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இரண்டு வரிச் செய்தியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"கிளினிக்தானே? ஏதாவது வருஷாந்திர செக்கப்பா இருக்கும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"கம்ப்யூட்டர் தானா அனுப்பியிருக்கும். விடு. போக வேண்டாம்."

"போக வேண்டாம்னு ஏன் சொல்றீங்க? செக்கப்புன்னா போறதுதானே?"

"நீ எதுக்கு வேலையைக் கெடுத்துக்கிட்டு... நானே கேட்டு கேன்சல் பண்ணிடறேன்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். தண்ணீர் குடித்துக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

கடையில் ஒரு வாடிக்கையாளர், "அந்தக் கறை ஏற்கெனவே இருந்தது" என்று சொல்லும்போது இப்படித்தான் பார்ப்பார்.

என் கணவருடைய வேலை நேரம் இரண்டு துண்டு. காலை ஐந்து முதல் பத்து வரை ஒரு துண்டு, மத்தியானம் இரண்டு முதல் ஆறு வரை மறு துண்டு. நடுவில் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடுவார். எனக்குக் கடை பன்னிரண்டு மணிக்குத்தான். மூன்று மாதத்துக்கு முன் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். "நாலு மணிக்கு எழுந்து உன் தூக்கத்தைக் கெடுக்கறது பாவமா இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவிடம்கூடப் போனில் சொல்லிப் பெருமைப்பட்டேன். படுத்தால் காலைவரை கட்டை மாதிரி கிடக்கிறவள் நான், என் தூக்கத்தைக் கெடுக்க இடி விழுந்தாலும் முடியாது என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை.

அப்புறம் அந்தப் போன். தினமும் பதினோரு மணி அடித்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவார். கதவிடுக்கில் பார்ப்பேன். சுவரில் சாய்ந்து, போனைக் காதில் வைத்து, பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார். சில நாள் ஏதோ ஒரு மெட்டைக்கூட மெல்ல முணுமுணுப்பார். எதிர்முனையில் இருப்பவள் பேசிக்கொண்டே இருக்க, இவர் கேட்டுக்கொண்டே இருப்பதாக நினைத்தேன். நான் இரண்டு நிமிடம் பேசினால் கொட்டாவி விடுகிற மனுஷன்! கடைசியில் குரல் தாழ்த்தி இரண்டே வரி பேசுவார்.

"இன்னைக்கும் முடியாதா? ...சரி, நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடறேன்."

இதைக் கேட்டுவிட்டு எந்த மனைவி சும்மா இருப்பாள்? துண்டுச் சீட்டில் இருந்தது கிளினிக் எண். அப்படியென்றால் ஆள் கிளினிக்கில் இருக்கிறாள். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் எப்படி இருப்பாள் என்று இரண்டு வருடத்துக்கு முந்தைய நினைவைத் தோண்டிப் பார்த்தேன். மணிக்கட்டு எரிந்துகொண்டிருந்ததால் முகத்தைக் கவனிக்காமல் போய்விட்டேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவர் வழக்கம்போலப் படிக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்றேன். அன்று சீக்கிரமே லைன் கிடைத்துவிட்டது.

"ஆமாங்க, நான்தான். நாளைக்கு நான் மட்டும் வரேன். அவங்க வரல... அவங்க பேர்ல இருக்கறதை எடுத்துடுங்க... இல்லைங்க, அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

சமையலறையில் என் போன் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"தங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது. வியாழன், 11.30."

என் பெயரை எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள். குட்டு வெளிப்பட்டதும் அவசரமாக அழிக்கிறார்கள். எதற்கு என்பதுதான் புரியவில்லை.

அவர் உள்ளே வந்து, "தலை கிறுகிறுங்குது, கொஞ்சம் படுக்கறேன்" என்று சோபாவில் சாய்ந்தார். இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனார். போன் அவர் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில் இருந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் போனை எடுக்க நான் முயல்வது அது மூன்றாவது முறை. செருப்பில்லாமல் போய் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றேன். குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கையை நீட்டி, போனின் விளிம்பைத் தொடும் நேரம் குறட்டை சட்டென்று நின்றது. மூச்சுச் சத்தமே இல்லை. நெஞ்சும் அசையவில்லை.

முழித்துக்கொண்டார், மூச்சை அடக்கிக்கொண்டு நடிக்கிறார், என்று நினைத்தேன். முன் இரண்டு முறையும் இதேதான் நடந்தது. கையும் களவுமாக என்னைப் பிடிக்கக் காத்திருக்கிறார்! நானும் சிலையாக நின்று மனதுக்குள் எண்ணினேன். எவ்வளவு நேரம் நடிக்க முடியும் பார்க்கலாம் என்று. இருபத்தாறு வரை எண்ணினேன். இருபத்தேழில் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவரைப் போலப் பெரிதாக இழுத்து மூச்சுவிட்டு, புரண்டு, மறுபடி குறட்டை விட்டார். போன் இப்போது முழுசாகத் தலைக்கு அடியில் போய்விட்டது.

"நல்லா நடிக்கறீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தெருவுக்கு இறங்கினேன்.

ஓரமாக நின்று கிளினிக் எண்ணை நானே அழுத்தினேன். "வரிசையில் நீங்கள் பதினான்காவது" என்றது பதிவுசெய்த குரல். பிறகு ஒரு வாத்திய இசை. ஒரே மெட்டு, திரும்பத் திரும்ப. மூன்றாவது சுற்றில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படிக்கட்டில் அவர் முணுமுணுக்கும் மெட்டு! பத்து நிமிடம் அவர் பேசாமல் கேட்டது இதைத்தானா? மனசு ஒரு படி இறங்கி, உடனே இரண்டு படி ஏறியது. சரி, காத்திருந்துதான் பேசுகிறார். ஆனால் யாரோடு? எதற்கு? என் பேர் எதற்கு?

"வணக்கம், சொல்லுங்க" என்றாள் ஒருத்தி கடைசியில். குரல் நாற்பது வயது, சளி பிடித்திருந்தது. நான் கற்பனை செய்திருந்த குரல் இல்லை.

என் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன். "நாளைக்கு என் பேர்ல ஒரு நேரம் இருந்துச்சு. யாரு போட்டாங்க, யாரு எடுத்தாங்க?"

விசைகள் தட்டும் சத்தம். "உங்க வீட்டுக்காரர்னு சொல்லிப் போன் வந்துச்சும்மா. ரத்து பண்ணச் சொன்னார்."

"போட்டது?"

"போட்டது டாக்டர் எழுதின குறிப்புப்படி நாங்க."

"டாக்டரா? என்னை அவங்க பார்த்தே ரெண்டு வருஷம் ஆச்சே! அவருக்கு நாளைக்கு நேரம் இருக்கா?"

"இன்னொருத்தர் விஷயத்தை நான் சொல்லக் கூடாதும்மா."

"இன்னொருத்தர் இல்லைங்க, என் புருஷன்."

"புருஷனா இருந்தாலும் எங்களுக்கு இன்னொருத்தர்தான்."

"இருக்கா இல்லையான்னு மட்டும்."

அவள் ஒருமுறை தும்மினாள். பிறகு, "உங்க விஷயத்தை வேணா சொல்றேன். உங்க பதினொன்றரை இன்னும் காலியாத்தான் இருக்கு. அறை மூணு. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கலாம். வேணுமா?"

"வேணும்."

"இந்தத் தடவை நீங்களே கேட்டு எடுத்தது. வேற யாரு போன் பண்ணாலும் ரத்து பண்ண மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்குக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. இரண்டு பேரின் டேக்கை மாற்றிக் குத்தினேன். "நாளைக்கு லேட்டா வருவேன் அண்ணே" என்று ஆவியண்ணனிடம் சொன்னபோது, "உன் வீட்டுக்காரர்கிட்ட நான் ஒண்ணும் கேக்கல. தினமும் சாயங்காலம் அவர் வண்டிலதான் போறேன், முன் படியில நின்னு கதை பேசிக்கிட்டு. ஆளு இப்பெல்லாம் பதிலே சொல்றதில்ல. மிட்டாயைக் கடிச்சுக்கிட்டு ரோட்டையே முறைக்கறார்" என்றார். எனக்கு அதுவும் ஒரு சாட்சியாகவே பட்டது. மனசு வேறெங்கோ இருக்கிறவர்தானே அப்படி இருப்பார்!

வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு கிளினிக் வாசலில் இருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு தொடுதிரை. பிறந்த நாளை அழுத்தினேன், மாதத்தை அழுத்தினேன். "வரவேற்கிறோம். உங்கள் எண் 32. உங்களுக்கு முன் ஒருவர் உள்ளார்" என்று சீட்டைத் துப்பியது.

காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். சுவரில் கை கழுவும் முறை படம். ஜன்னலோரம் என் கணவர். சீருடை மாற்றி, சவரம் செய்து, பெண் பார்க்க வந்தவர்போல முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் சிவப்புக் கைப்பையோடு ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். நேராகப் போய் அவர்கள் முன் நின்றேன்.

அவர் நிமிர்ந்தார். பேயறைந்தவரைப் போல ஆனது முகம்.

"நீ... இங்க எங்க?"

"எனக்கு அப்பாயின்ட்மென்ட்."

"உனக்குத்தான் கேன்சல்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. எனக்குத்தான்?"

சிவப்புக் கைப்பைக்காரி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களா? இப்படி உக்காருங்கம்மா, நான் தள்ளிக்கறேன்" என்று எழுந்து, எதிர் வரிசையில் போய் உட்கார்ந்து பத்திரிகையைத் தொடர்ந்தாள். அத்தனை வேகமாக ஒரு எதிரியை நான் இழந்ததே இல்லை.

உட்கார்ந்தேன். புதினா வாசம் அடித்தது.

"வீட்டுக்குப் போ. சாயங்காலம் சொல்றேன்" என்றார் பல்லுக்குள்.

"யாருக்காக மூஞ்சி கழுவி, மிட்டாய் தின்னு, ஹால்ல தனியாப் படுத்து... எல்லாம் இங்கயே சொல்லுங்க. ஆள் யாரு?"

"ஆளா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் வாய் திறந்துகொண்டது. "அடிப்பாவி."

"மேசைல இருக்கற பொண்ணா?"

"தினமும் 'வரிசையில பதினேழாவது'ன்னு சொல்றதைக் கேக்கறதுல என்ன காதல் இருக்கு? மூணு வாரம் போன் பண்ணித்தான் ஒரு நேரமே கிடைச்சுது!"

மேலே பலகையில் மணி ஒலித்தது. 31, அறை 3. அடுத்த கணமே இன்னொரு மணி. 32, அறை 3.

அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். கதவுவரை போய், கைப்பிடியைப் பிடித்தபடி ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கள்ளத்தனம் இல்லை. பயம் இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கும் பயம் வந்தது.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும், "அட, வந்துட்டீங்களா! கடைல லீவு தரமாட்டாங்க, நீங்க வரமுடியாதுன்னு சொன்னாராமே" என்றார்.

கணவர் கை கழுவும் படத்தைப் பார்த்தார். அது இந்த அறையிலும் இருந்தது.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "உங்க விஷயத்தை இவங்க முன்னாடி பேசலாமா? வேண்டாம்னா இவங்க வெளியில இருக்கட்டும். உங்க இஷ்டம்தான்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

டாக்டர் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். நடுவில் கோடு. இடப்பக்கம் நோயாளி நிரப்புவது, வலப்பக்கம் உடன் உறங்குபவர் நிரப்புவது. இடப்பக்கம் முழுவதும் என் கணவரின் குண்டுக் கையெழுத்து. குறட்டை: இல்லை. தூக்கத்தில் மூச்சு நிற்பது: இல்லை. பகலில் கண் அயர்வது: இல்லை. எல்லாம் இல்லை. வலப்பக்கம் வெறுமையாக இருந்தது.

"போன தடவை வந்து, கண்ணு சொக்காம இருக்க மாத்திரை வேணும்னார்" என்றார் டாக்டர். "நான் காரணம் கேட்டேன். காரணம் தெரியாம மாத்திரை தரமுடியாது இல்லையா? தூங்கறவருக்குத் தான் தூங்கும்போது என்ன நடக்குதுன்னு தெரியாது. பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அதான் உங்களையும் சேர்த்துக் கூட்டிட்டு வரச் சொன்னேன், ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த நேரம் போடச் சொன்னேன். சொல்லுங்கம்மா. இவர் தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதா?"

அறையில் ஒரு சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தன் செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோபாவில் அவர் நடிக்கவில்லை. மூன்று முறையும் நடிக்கவில்லை. என் கண் முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவருக்கு மூச்சு நின்றிருக்கிறது. நான் பக்கத்தில் நின்று, கோபத்தோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆமான்னு சொன்னா என்ன ஆகும் டாக்டர்?"

"வீட்டுல ஒரு ராத்திரி கருவி மாட்டி அளக்கணும். அளந்து, சிகிச்சை கொடுத்து, சரியாகறவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. ஆறு வாரம் ஆகலாம், கூடவும் ஆகலாம்."

"சரியாகுமா?"

"பெரும்பாலானவங்களுக்கு நல்லா ஆகுது. உறுதியா அளந்தபிறகுதான் சொல்வேன்."

பதினேழு வருடம். தூங்கி எழுந்ததும் சாவியைத் தேடும் கை. வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்காது. இல்லை என்று நானும் எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் பொருந்திவிடும். இரண்டு மணிக்கு அவர் வண்டியில் ஏறுவார். அந்த வண்டியில் முன் படியில் நின்று ஆவியண்ணன் கதை பேசுவார்.

"வருது டாக்டர்" என்றேன். "நேத்து எண்ணினேன். இருபத்தாறு வரைக்கும் மூச்சு இல்லை. போன வாரம் ரெண்டு தடவை, அப்ப எண்ணல."

கணவர் சடக்கென்று திரும்பினார். "நீ எப்ப பார்த்த? நான் ஹால்லதானே..."

"பகல்ல. நீங்க வந்து படுத்ததும்."

"பக்கத்துல நின்னு எண்ணினியா? எதுக்கு?"

டாக்டரும் ஆவலாகப் பார்த்தார். மறைத்து என்ன பயன்? "உங்க போனை எடுக்க. தலைக்கு அடியில இருந்துச்சு. மூச்சுச் சத்தம் நின்னதும் முழிச்சுக்கிட்டு நடிக்கறீங்கன்னு நினைச்சேன்."

டாக்டர் தலையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டு, வலப்பக்கத்தில் தானே எழுத ஆரம்பித்தார். வாயோரம் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் அவரிடம், எழுதிக்கொண்டே. "வண்டியில கண் அசந்திருக்கா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"பாலத்துக்கிட்ட ஒரு வளைவு இருக்கு" என்றார் கடைசியில். "போன மாசம். வளைவுக்கு முன்னாடி சிக்னலைப் பார்த்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணைத் திறந்தா வளைவு தாண்டி வண்டி நிக்குது. எப்படித் திரும்பினேன், எப்ப பிரேக் போட்டேன், தெரியல. பின்னாடி நாப்பது பேர். ஒருத்தர்கூட கவனிக்கல. ஒரு அம்மா இறங்கும்போது தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனாங்க."

அவர் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எலுமிச்சைக் காகிதம் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

டாக்டர் கடிதம் தட்டச்சு செய்து கையெழுத்திட்டு உறையில் போட்டார். "டிப்போல கொடுக்கணும். இன்னைக்கே, அடுத்த டியூட்டிக்கு முன்னாடி. நீங்களே கொடுத்தா நல்லது. கொடுக்கலைன்னா நான் சொல்லவேண்டி வரும்."

வெளியே வெயிலில் கண் கூசியது. அவர் உறையைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தார்.

"இருபத்தாறுன்னு அவ்வளவு கணக்கா சொல்லணுமா? கொஞ்ச நேரம்னு சொல்லியிருக்கலாம்ல."

"ஹாலுக்குப் படுக்கையை மாத்தினீங்களே, என் தூக்கம் கெடும்னா மாத்தினீங்க?"

"ஒரு நாள் நீ அதிசயமா தண்ணி குடிக்க எழுந்தப்ப, 'என்னங்க இப்படி மூச்சு இழுக்கறீங்க'ன்னு கேட்ட. உனக்கு ஞாபகம் இல்ல. எனக்குப் பக்குன்னுது. நீ பார்த்தா விட மாட்டே, நான் வண்டி ஓட்டறதை நிறுத்திடுவன்னு தெரியும்."

"நிறுத்தத்தான் செய்வேன். என்கிட்ட சொல்லலையே!"

"சொன்னா முடிஞ்சிருக்குமே" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "முடிஞ்சிருக்கணும். அந்த வளைவுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். தெரியும்."

கொஞ்சதூரம் நடந்தோம். வீட்டுக்குத் திரும்பும் முனையில் நின்றார்.

"இன்னைக்கு ரெண்டு மணி வண்டிக்கு மட்டும் ஆள் கிடைக்கறது கஷ்டம். அதை மட்டும் முடிச்சுட்டு, நாளைக்குக் காலைல கொடுத்துடறேன். நீ கடைக்குப் போ."

அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் கூட வரேன்."

"நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

"பதினாலு வருஷம் குடும்பம் நடத்தி..."

"அதனாலதான். ரெண்டு மணி வண்டியை எடுத்தீங்கன்னா நானும் ஏறுவேன். உங்க சீட்டுக்குப் பின்னாடி உக்காந்து, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் 'முழிச்சிருக்கீங்களா'ன்னு சத்தம் போட்டுக் கேப்பேன். நாப்பது பேருக்கும் கேக்கும்."

செய்வேன் என்று அவருக்குத் தெரியும். மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக நடந்தார். நான் கடைக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்று சொன்னேன். பின்னாலேயே போனேன். பக்கத்தில் இல்லை, இரண்டடி பின்னால். பக்கவாட்டுச் சந்துகள் வரும்போதெல்லாம் கண்ணை அவர்மேலேயே வைத்திருந்தேன்.

டிப்போ அலுவலகத்தில் டியூட்டி போடுகிறவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கணவர் ஜன்னலுக்கு முன் நின்றார். சட்டைப் பைக்குள் கை போனது, வெளியே வரவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உறை வெளியே வந்தது.

டியூட்டிக்காரர் படித்தார். "தூக்க வியாதியா? இங்க பாதிப் பேருக்கு இருக்குமேப்பா!" என்று சிரித்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். எழுந்துபோய், பலகையில் இரண்டு மணிக் கட்டத்திலிருந்து என் கணவரின் பெயர் அட்டையை உருவி எடுத்தார். மேசை டிராயரில் வைத்தார். "சரியானதும் வந்து வாங்கிக்கோ. நான் தொலைக்க மாட்டேன்" என்றார். உள்ளே ஓய்வறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். என் கணவர் அவளை வண்டிக்கு அழைத்துப்போனார். நான் வாசல் தூணருகே நின்று பார்த்தேன். அவளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை நானே ஆச்சரியத்தோடு கவனித்தேன்.

"பிரேக் கொஞ்சம் லூசு, சீக்கிரமே மிதிக்கணும். நடுக்கதவு ரெண்டு தடவை அழுத்தினாத்தான் மூடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மூணாவது ஸ்டாப்புல கண்ணாடி போட்ட ஒருத்தர் எப்பவும் ஓடி வருவார். பத்து நொடி நின்னா ஏறிடுவார்."

"டைம் ஆகுமே அண்ணே?"

"அடுத்த சிக்னல்ல பிடிச்சுடலாம். அப்புறம், அஞ்சு மணி டிரிப்ல லாண்டரிக்கிட்ட ஒருத்தர் ஏறி முன் படியிலேயே நிப்பார். வாயை மூட மாட்டார். பதில் சொல்லுங்க. பாவம், நான் ரொம்ப நாளா சொல்லல."

"சரி."

"பாலத்து வளைவு..." என்றார். நின்றார். அவள் காத்திருந்தாள். "மெதுவாப் போங்க. அவ்வளவுதான்."

இரண்டு மணிக்கு வண்டி நகர்ந்தது. அவர் கேட்டுக்கு வெளியே, நடைபாதை விளிம்புவரை போய் நின்றார். நான் பக்கத்தில் போனேன். வண்டி தெருமுனையை நெருங்கும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"இன்னும் முன்னாடியே மிதிச்சிருக்கணும்" என்றார்.

"வாங்க, போகலாம்."

"இரு. திரும்பட்டும்."

வண்டி முனையில் தயங்கி, பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்து, அகலமாக வளைந்து, சுத்தமாகத் திரும்பிப் போனது. அவர் இன்னும் கொஞ்சநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு, பிடித்துக்கொள்ள ஏதுமில்லாத தன் வலது கையை என் தோளில் போட்டார்.